ஹை ஸ்கூல் சாக்கர் டீம் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு எதை வச்சு முடிவு பண்றது? பழைய பிளேயர்ஸை எப்படி ஒண்ணு சேர்க்கறது?

ஜெர்சி_நம்பர்_மூணு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நியூ ஜெர்சி, பப்ளிக் ஸ்கூல். பையன் ஜூனியர் (11-வது), வார்சிட்டில, அதாவது ஸ்கூலோட மெயின் டீம்ல, லெஃப்ட் பேக், பொண்ணு இந்த சீசன்தான் ஃப்ரெஷ்மேன் (9-வது) டீம்ல சேர்ந்திருக்கா. பூஸ்டர் கிளப் (டீமுக்கு பணம் திரட்டற பேரன்ட்ஸ் குரூப்) மீட்டிங்ல சும்மா ஓரமா உட்கார்ந்துட்டு வரலாம்னுதான் போனேன், கையே தூக்கல, ஆனா வெளிய வரும்போது ஒரு வேலை என் தலையில இருந்துச்சு. அடுத்த ஃபால் (இலையுதிர் கால) சீசன்ல அலம்னை டே, அதாவது பழைய மாணவர் தினம், வைக்கப் போறாங்களாம், அதுக்கு சாக்கர் புரோகிராமோட வரலாறு ரெண்டு பக்கம் எழுதணும், பழைய பிளேயர்ஸ் லிஸ்ட் தயார் பண்ணணும்.

பிரச்சனை என்னன்னா ஜிம்ல தொங்கற பேனர்ல பாய்ஸ் சாக்கர் 1975, கேர்ள்ஸ் சாக்கர் 1981-னு போட்டிருக்கு. ஆனா போன மாசம் ஹோம் கேம்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரிக்கிறார், “அது தப்பும்மா, நாங்க 71-லயே ஆடினோம், யூனிஃபார்ம்லாம் கிடையாது, ஜிம் டீ-ஷர்ட் மேல மாஸ்கிங் டேப்ல நம்பர் ஒட்டிக்கிட்டு ஆடுவோம், ஹிஸ்டரி டீச்சர்தான் கோச்”னு சொல்றார். ஆஃபீஸ்ல கேட்டா அத்லெட்டிக் டைரக்டர் எத்தனையோ பேர் மாறிட்டாங்க, பழைய ஃபைல் எதுவும் இல்லைங்கறாங்க. ட்ரோஃபி கேஸ்ல இருக்கறதே 78-லருந்துதான்.

எந்த வருஷத்தை போடறது? எங்க தேடறது? அலம்னைக்குன்னு ஃபேஸ்புக் குரூப் ஒண்ணு இருக்கு, ஆனா உள்ள போய் பார்த்தா 90-கள்ல ஒரே பேட்ச் ஆளுங்க தங்களுக்குள்ளயே பிறந்தநாள் வாழ்த்து சொல்லிக்கிட்டு இருக்காங்க. வேற யாரையும் காணோம்.

கிழக்கு_விங்:
பேனர்ல இருக்கற வருஷம் பொதுவா டீம் பிறந்த வருஷம் கிடையாதுங்க, ஸ்கூல் அதை வார்சிட்டி ஸ்போர்ட்டா ஏத்துக்கிட்ட வருஷம். அதுக்கு முன்னாடி அனேகமா எல்லா ஸ்கூல்லயும் ஒரே கதைதான் நடந்திருக்கும், நாலு பசங்க லஞ்ச் நேரத்துல ஆடுவாங்க, ஒரு டீச்சர் மாட்டுவார், கிளப்னு பேர் வைப்பாங்க, பக்கத்து ஸ்கூல்காரங்களோட ரெண்டு மூணு மேட்ச் ஆடுவாங்க, அப்புறம் தான் போர்டு பணம் கொடுக்கும்.

அதனால இயர்புக் எடுக்கும்போது ஸ்போர்ட்ஸ் பக்கத்தை மட்டும் பார்க்காதீங்க. கிளப்ஸ் பக்கத்தைப் பாருங்க. செஸ் கிளப்புக்கும் ஆடியோ விஷுவல் கிளப்புக்கும் நடுவுல ஒரு சின்ன ஃபோட்டோவா சாக்கர் இருக்கும். ஸ்கூல்ல இயர்புக் இல்லைன்னா டவுன் பப்ளிக் லைப்ரரில கேளுங்க, லோக்கல் ஹிஸ்டரி அலமாரில பல லைப்ரரி முழு செட் வச்சிருக்கும். அங்கயே பழைய வாராந்திரப் பத்திரிகை மைக்ரோஃபிலிம்லயும் இருக்கும், செப்டம்பர் கடைசிலருந்து நவம்பர் முதல் வாரம் வரை ஸ்போர்ட்ஸ் பக்கத்தை மட்டும் ஓட்டினா போதும்.

இன்னொண்ணு, இதை யாரும் யோசிக்க மாட்டாங்க, போர்டு ஆஃப் எஜுகேஷன் மினிட்ஸ், அதாவது அவங்க கூட்டத்தோட எழுத்துக் குறிப்பு. கோச்சுக்கு ஸ்டைபெண்ட் (அந்த வேலைக்கான தொகை) கொடுக்கணும்னா போர்டு ஓட்டு போட்டு பாஸ் பண்ணியிருக்கணும், டீச்சர் பேர், தொகை, எந்த சீசன், எல்லாம் அதுல இருக்கும். நம்ம ஸ்டேட்ல அது பப்ளிக் ரெக்கார்டு, ஓப்ரா (OPRA, பொது ஆவணங்களைக் கேட்டு வாங்கற ஸ்டேட் சட்டம்) ரிக்வெஸ்ட் போட்டாலே கொடுத்தாகணும், அதுக்கு முன்னாடி போர்டு செக்ரட்டரிகிட்ட நேர்ல நல்லபடியா கேளுங்க, பாதி நேரம் அவங்களே எடுத்துக் கொடுத்துடுவாங்க.

பழைய_ஸ்கோர்போர்டு:
அக்கா, அந்த பெரியவர் சொல்றது நம்பறதுக்கு ரொம்ப நல்லாவே இருக்கு. அமெரிக்கால சாக்கர்னா பேலே வந்து நியூயார்க் டீம் காஸ்மோஸ்ல ஆடினதுக்கப்புறம்தான்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. பேலே கையெழுத்து போட்டது 1975, காஸ்மோஸ் ஜயண்ட்ஸ் ஸ்டேடியத்துக்கு மாறினது 77, அந்த ஆகஸ்ட்ல ஒரு பிளேஆஃப் மேட்சுக்கு 77,691 பேர் வந்தாங்க, அதெல்லாம் சரி, நம்ம சபர்பன் ஸ்கூல் பலதுல டீம் முளைச்சது அந்த அலைலதான். ஆனா நியூ ஜெர்சி அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே ஆடிக்கிட்டு இருந்த ஸ்டேட்.

கியர்னி தெரியும்ல? கிளார்க் நூல் கம்பெனி அங்க மில் போட்டப்போ ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிலருந்து ஆளுங்க வேலைக்கு வந்தாங்க, வரும்போது பந்தையும் சேர்த்துதான் கொண்டு வந்தாங்க. மில் டீம் பேர் ஓ.என்.டி, கம்பெனியோட நூல் பிராண்டு பேரையே டீமுக்கு வச்சது. 1885-ல முதல் அமெரிக்கன் கப் ஜெயிச்சதே அவங்கதான். அந்த ஊர்லருந்து வந்தவங்கதான் ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, டாப் ராமோஸ். முதல் ரெண்டு பேரும் கியர்னி ஹை, ராமோஸ் நியூவர்க்ல செயின்ட் பெனடிக்ட்ஸ். அமெரிக்கா 1950-க்கு அப்புறம் நாப்பது வருஷம் கழிச்சு 1990-ல வேர்ல்டு கப் போனப்போ மூணு பேரும் டீம்ல. செயின்ட் பெனடிக்ட்ஸ்ல அதுக்கப்புறம் க்ளாடியோ ரேனா, க்ரெக் பெர்ஹால்டர்னு வரிசையா வந்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா உங்க டவுன்ல 60-கள்ல, 70 ஆரம்பத்துல யார் குடிவந்தாங்கன்னு பாருங்க. போர்ச்சுகீஸ், இத்தாலியன், உக்ரேனியன், யாராவது ஒரு கூட்டம் இருந்திருக்கும். அவங்க சர்ச் கிளப்ல ஞாயித்துக்கிழமை ஆடின பசங்கதான் திங்கக்கிழமை ஸ்கூல்ல டீச்சரைப் பிடிச்சு நச்சரிச்சிருப்பாங்க. 71-னா நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ரூல்புக்:
நான் எதிர்க்கட்சி. பேனர்ல இருக்கற வருஷத்தையே போட்டுட்டு போங்க. பெரியவர்கள் ஞாபகத்தை நம்பி வரலாறு எழுதினா என்ன ஆகும்னு பாஸ்டன்ல ஒரு கல்லே நிக்குது.

ஒனைடா ஃபுட்பால் கிளப்னு 1862-ல பாஸ்டன் ஸ்கூல் பசங்க ஆரம்பிச்சது, கேப்டன் ஜெரிட் ஸ்மித் மில்லர். 1865 வரை பாஸ்டன் காமன்ல ஆடினாங்க. அறுபது வருஷம் கழிச்சு, 1925-ல, உயிரோட இருந்த பழைய பிளேயர்ஸே சேர்ந்து அங்க ஒரு நினைவுக்கல் வச்சாங்க, அமெரிக்காவோட முதல் ஒழுங்கான ஃபுட்பால் கிளப் நாங்கதான், எங்க கோலை யாரும் தாண்டினதே இல்லைன்னு. இத்தனைக்கும் அவங்க ஆடின பாஸ்டன் கேம்ல பந்தை கையில தூக்கிட்டு ஓடலாம். சாக்கர்காரங்க அது எங்க முதல் கிளப்ங்கறாங்க, அமெரிக்கன் ஃபுட்பால்காரங்க எங்களுதுங்கறாங்க, ஆராய்ச்சி பண்றவங்க அந்த பெரியவர்கள் கொஞ்சம் பெருசாவே கட்டிவிட்டாங்கன்னு சொல்றாங்க. இதுதான் அலம்னை கையில வரலாறு மாட்டினா நடக்கறது. எழுத்துல ஆதாரம் இல்லாத எந்த வருஷமும் வேணாம்.

பழைய_ஸ்கோர்போர்டு:
@ரூல்புக் அண்ணே, பாஸ்டன் உதாரணம் சரிதான், ஆனா அதுல பிரச்சனை ஞாபகம் இல்லயே, பெருமை. “நாங்கதான் முதல்”னு சொன்னதுதான் வில்லங்கம். இங்க அந்த பெரியவர் டேப்ல நம்பர் ஒட்டினோம்னு சொல்றார், இதுல என்ன பெருமை இருக்கு. அந்த மாதிரி கஷ்டத்தை யாரும் கற்பனை பண்ணி சொல்றதில்ல.

ரூல்புக்:
கஷ்டத்தைத்தான் ரிட்டயர் ஆனவங்க ரொம்ப பெருமையா சொல்வாங்க தம்பி. 😀 ஃபோட்டோ வரட்டும், ஒத்துக்கறேன்.

ரெண்டு_பொண்ணுங்க_அப்பா:
எல்லாரும் 71-ஆ 75-ஆன்னு அடிச்சுக்கறீங்க, அந்த 1981-ஐ யாரும் கண்டுக்கல. எனக்கு அதுதான் முக்கியமா படுது.

டைட்டில் நைன் சட்டம், அதாவது அரசுப் பணம் வாங்கற ஸ்கூல், காலேஜ்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற சட்டம், 1972 ஜூன்ல வந்துச்சு. ஆனா அதை எப்படி நடைமுறைப்படுத்தணும்ங்கற விதிமுறை வந்தது 75-ல, ஹை ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் 78 ஜூலை வரை டைம் கொடுத்தாங்க. அதனாலதான் ஊர் ஊருக்கு கேர்ள்ஸ் டீம் பேனர் எல்லாம் 77, 78, 80, 81-னு கொத்தா நிக்கும். 1971-72-ல நாடு முழுக்க ஹை ஸ்கூல் டீம்ல சாக்கர் ஆடின பொண்ணுங்க வெறும் 700 பேர், 2018-19-ல அது 3 லட்சத்து 94 ஆயிரம். அது ஸ்டேட் அசோசியேஷன்களை சேர்த்து வச்சிருக்கற தேசிய ஃபெடரேஷன் எடுத்த கணக்கு.

ஆனா கேளுங்க, 81-க்கு முன்னாடி உங்க ஸ்கூல்ல பொண்ணுங்க ஆடவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. கேர்ள்ஸ் டீம் இல்லாத ஸ்கூல்ல சில பொண்ணுங்க பாய்ஸ் டீம்ல ட்ரைஅவுட் போய் இடம் பிடிச்சிருக்காங்க. 76லருந்து 80 வரைக்கும் பாய்ஸ் டீம் குரூப் ஃபோட்டோவை பெருசு பண்ணி ஒவ்வொரு முகமா பாருங்க, கீழ இருக்கற பேரை இன்ஷியலோட நிறுத்தியிருந்தா கிளாஸ் ஃபோட்டோவோட ஒத்துப் பாருங்க. அப்படி ஒருத்தங்க கிடைச்சா உங்க ரெண்டு பக்கத்துல அரைப் பக்கம் அவங்களுக்குத்தான் போகணும்.

லிஸ்ட் விஷயத்துலயும் ஒண்ணு. பெண் அலம்னை கிடைக்கலன்னு எல்லா ஊர்லயும் புலம்புவாங்க. இயர்புக் பேரை வச்சு தேடறாங்க, அவங்க கல்யாணத்துக்கப்புறம் லாஸ்ட் நேம் மாத்தியிருப்பாங்க, எப்படி கிடைப்பாங்க? சைன்அப் ஃபார்ம்ல “ஸ்கூல்ல படிக்கும்போது இருந்த பேர்”னு தனி கட்டம் வைங்க. அப்புறம் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பொறுப்பா போடுங்க. ஆம்பளைங்ககிட்ட மட்டும் விட்டா அவங்க கூட ஆடினவங்களை மட்டும்தான் கூப்பிடுவாங்க.

சைலர்சிட்டி_பக்கம்:
நார்த் கேரோலினாலருந்து. எங்க பக்கத்துல ஜோர்டன் மேத்யூஸ் ஹை ஸ்கூல் இருக்கு, சைலர் சிட்டில. கோழி பிராசசிங் பிளான்ட் வேலைக்கு லத்தீன் அமெரிக்காலருந்து குடும்பம் குடும்பமா வந்தாங்க, அவங்க பசங்க எல்லாம் சாக்கர் பைத்தியம், ஸ்கூல்ல டீம் கிடையாது. வந்தவங்களை எதிர்த்து 2000-ல அந்த சின்ன டவுன்ல வெள்ளை இனவெறி கு க்ளக்ஸ் க்ளானோட பழைய தலைவர் டேவிட் டியூக் வந்து பொதுக்கூட்டமே போட்டாரு, நிலைமை அப்படி. பால் குவாட்ரோஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் ஸ்கூலோட போராடி டீம் ஆரம்பிச்சு கோச்சும் ஆனார், முதல் சீசன் 2002, ரெண்டே வருஷத்துல, 2004-ல, ஸ்டேட் சாம்பியன். அந்த டீமோட செல்லப் பேர் லோஸ் ஜெட்ஸ்னு சொன்னா இங்க தெரியாத ஆள் இல்ல.

மெய்ன் ஸ்டேட்ல லூயிஸ்டன் ஹை ஸ்கூலும் கிட்டத்தட்ட அப்படித்தான், சோமாலியாலருந்து அகதியா வந்த குடும்பத்துப் பசங்க நிறைய பேர் இருந்த டீம், 2015-ல ஸ்கார்பரோவை 1-0 ஜெயிச்சு அந்த ஸ்கூலுக்கு முதல் பாய்ஸ் சாக்கர் ஸ்டேட் டைட்டில்.

நான் சொல்ல வர்றது லிஸ்ட் பத்தி. இந்த மாதிரி டீம்ல பாதியில ஊர் மாறிப் போனவங்க, டிப்ளமா வாங்காம வேலைக்குப் போனவங்க எல்லாம் இருப்பாங்க. ஸ்கூல் அலம்னை லிஸ்ட்னா கிராஜுவேட் ஆனவங்க பேர் மட்டும்தான் வரும். சாக்கர் அலம்னைக்கு அந்தக் கணக்கு வேணாம். ஒரு சீசன் பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடுங்க, மேனேஜரா தண்ணி பாட்டில் தூக்கினவங்களையும், ஸ்கோர்புக் எழுதினவங்களையும். பழைய விவரம் அவங்ககிட்டதான் ஸ்டார் பிளேயரைவிட அதிகமா இருக்கும், ஏன்னா அவங்க உட்கார்ந்து பார்த்திருக்காங்க.

கிழக்கு_விங்:
அதோட 2012லருந்து 2020 வரைக்கும் ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க. யு.எஸ். சாக்கரோட (நாட்டோட சாக்கர் ஃபெடரேஷன்) டெவலப்மென்ட் அகாடமி பத்து மாச சீசன் கொண்டு வந்தப்போ அதுல இருக்கற பசங்க ஹை ஸ்கூல் டீம்ல ஆடக்கூடாதுன்னுட்டாங்க. ஊர்லயே நல்லா ஆடின பையன் பேரு ஸ்கூல் ரோஸ்டர்ல இருக்காது. 2020 ஏப்ரல்ல அகாடமியை மூடினாங்க, அந்த வருஷப் பசங்க சிலருக்கு ஸ்கூல் டீம் கூட ஆட முடியலயேன்னு இன்னைக்கும் மனசுல இருக்கு. ஃப்ரெஷ்மேன் வருஷம் மட்டும் ஆடிட்டு போனவங்களையும் கூப்பிட்டா சந்தோஷமா வருவாங்க.

ஜெர்சி_நம்பர்_மூணு:
இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. லைப்ரரிக்கு போனேன். 1972 இயர்புக், கிளப்ஸ் பக்கம், கிழக்கு விங் சொன்ன அதே மாதிரி ஒரு மூலைல ஃபோட்டோ! செஸ் கிளப் பக்கத்துல இல்ல, ஜெர்மன் கிளப்புக்கு கீழ. பன்னெண்டு பசங்க, கோணலா நிக்கறாங்க, ரெண்டு பேர் நெஞ்சுல டேப் நம்பர் நல்லாவே தெரியுது, ஒருத்தனுக்கு 7 பாதி உரிஞ்சு 1 மாதிரி இருக்கு. அமெரிக்கன் ஃபுட்பால் கோல் போஸ்ட்தான் பின்னாடி இருக்கு, அதுக்குள்ள கயிறு கட்டி சாக்கர் கோல் மாதிரி பண்ணியிருக்காங்க. @ரூல்புக் ஃபோட்டோ வந்தாச்சு. இயர்புக் 72-ன்னா அந்த ஃபால் சீசன் 71 தானே?

போர்டு மினிட்ஸ்ல 1975 ஆகஸ்ட்ல கோச் ஸ்டைபெண்ட் பாஸ் ஆகியிருக்கு. அதே ஹிஸ்டரி டீச்சர். அப்போ நாலு வருஷம் அவர் சும்மா பண்ணியிருக்கார்.

79 பாய்ஸ் டீம் ஃபோட்டோவுல ஒரு பொண்ணு இருக்காங்க! கோல்கீப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு. அவங்களைத் தேடிக்கிட்டு இருக்கேன்.

இப்போ அடுத்த தலைவலி. கமிட்டில ஒருத்தர் அலம்னைகிட்ட பணம் வசூலிச்சு பாய்ஸ் டீமுக்கு புது ஸ்கோர்போர்டு வாங்கலாம், அதிகமா வசூல் பண்ற பேரன்ட்டோட பிள்ளைக்கு டீம் ஃபீஸ்ல கழிச்சுக்கலாம்ங்கறார். எனக்கு ஏதோ இடிக்குது.

ரூல்புக்:
71 ஒத்துக்கிட்டாச்சு. ஆமா, ஃபால் ஸ்போர்ட்னா இயர்புக்குக்கு முந்தின வருஷம்தான்.

வரி_மாமா:
இடிக்கணும், ரெண்டுலயும் சிக்கல் இருக்கு. இதுதான் நான் நாள் பூரா பார்க்கற வேலைங்கறதால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

முதல்ல பூஸ்டர் கிளப் 501(c)(3)-ஆ, அதாவது வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்பா, பதிவாகியிருக்கான்னு பாருங்க. ஐ.ஆர்.எஸ் (வருமான வரித்துறை) வெப்சைட்ல பேர் போட்டு தேடலாம். வருஷ வருமானம் வழக்கமா 50,000 டாலர் வரைக்கும்தான்னா 990-என்-னு போஸ்ட்கார்டு மாதிரி ஒரு சின்ன ஃபார்ம் வருஷா வருஷம் ஆன்லைன்ல போட்டா போதும், ஆனா மூணு வருஷம் தொடர்ந்து போடலன்னா அந்தஸ்து தானா போயிடும். பூஸ்டர் கிளப்ல ட்ரெஷரர் மாறிக்கிட்டே இருக்கறதால இது அடிக்கடி நடக்கும், அலம்னை கொடுக்கற செக்குக்கு வரிவிலக்குன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லைன்னா அசிங்கம்.

யார் எவ்வளவு வசூலிச்சாங்களோ அவங்க பிள்ளைக்கு அவ்வளவு கழிக்கறது, அது தனிநபருக்கு லாபம் போற மாதிரி ஆகும். ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் இதையே பண்ணி 2013-ல டேக்ஸ் கோர்ட் வரைக்கும் போய் தோத்தது. வசூலாகறது பொதுப் பானைலதான் விழணும், கஷ்டப்படற குடும்பத்துக்கு உதவணும்னா வசதியைப் பார்த்து கொடுங்க, யார் வசூலிச்சாங்கன்னு பார்த்து கொடுக்காதீங்க.

ரெண்டாவது, ஸ்கோர்போர்டு. பணம் பூஸ்டர் கொடுத்ததா, ஸ்கூல் கொடுத்ததாங்கறது டைட்டில் நைனுக்கு முக்கியமில்ல. பாய்ஸுக்கு நல்ல வசதி வந்து கேர்ள்ஸுக்கு இல்லைன்னா அதை சமப்படுத்த வேண்டிய பொறுப்பு ஸ்கூலுக்கு வந்துடும். ரெண்டு டீமும் ஒரே ஃபீல்டுல ஆடினா பிரச்சனை இல்ல, தனித்தனி ஃபீல்டுன்னா முதல்ல அத்லெட்டிக் டைரக்டர்கிட்ட எழுத்துல கேளுங்க.

என் சொந்த அபிப்ராயம், முதல் வருஷமே பணம் கேட்காதீங்க. இருபது வருஷம் கழிச்சு ஸ்கூல்லருந்து வர்ற முதல் ஈமெயில்லயே டொனேட் பட்டன் இருந்தா அடுத்த ஈமெயிலை யாரும் திறக்க மாட்டாங்க. அவங்க வேலை பார்க்கற கம்பெனி மேட்சிங் (அவங்க கொடுக்கறதுக்கு ஈடா தன் பங்கு) கொடுக்குமான்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி மட்டும் வைங்க, பின்னாடி உதவும்.

ரெண்டு_பொண்ணுங்க_அப்பா:
அந்த கோல்கீப்பர் கிடைச்சா இங்க வந்து சொல்லியே ஆகணும்!!

ஃபேஸ்புக் குரூப்பை மட்டும் நம்பாதீங்க. 70-கள் ஆளுங்க ஈமெயில், 90-கள் ஃபேஸ்புக், போன வருஷம் முடிச்ச பசங்க இன்ஸ்டாகிராம். ஒரே மெசேஜை மூணு இடத்துலயும் போடணும். ஸ்கூல்கிட்ட அட்ரஸ் லிஸ்ட் கேட்டு நிக்காதீங்க, பழைய மாணவர் தகவலை அவங்க அவ்வளவு லேசுல வெளிய கொடுக்க மாட்டாங்க. அதுக்கு பதிலா நீங்க எழுதின லெட்டரை அவங்க பேர்ல அனுப்பச் சொல்லுங்க, அதுக்கு பெரும்பாலும் சரிம்பாங்க. அப்புறம் பேர் தெரியாத டீம் ஃபோட்டோவை போட்டு “இது யாரு?”ன்னு கேளுங்க. வாங்கன்னு கூப்பிட்டா வராத ஆள்கூட தப்பா ஒரு பேரை டேக் பண்ணியிருந்தா திருத்தறதுக்கு ஓடி வருவாங்க.

கிழக்கு_விங்:
அலம்னை மேட்ச் வைக்கறதா இருந்தா தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த நாளோ சனிக்கிழமையோ வைங்க, வெளியூர் ஆளுங்க வீட்டுக்கு வந்திருப்பாங்க. ஹோம்கமிங் (பழைய மாணவர்களை வரவேற்கற ஸ்கூல் விழா) அன்னைக்கு அமெரிக்கன் ஃபுட்பால்காரங்க கூட்டத்துல சாக்கர் காணாமப் போயிடும். தேங்க்ஸ்கிவிங்குக்குள்ள சாக்கர் சீசனும் முடிஞ்சிருக்கும், ஃபீல்டு காலியா இருக்கும். ஃபெசிலிட்டி யூஸ் ஃபார்ம், இன்ஷூரன்ஸ் சர்டிஃபிகேட், அடிபட்டா கேஸ் போட மாட்டேன்னு ஒவ்வொருத்தர் கையெழுத்து போட்ட வெய்வர், மூணும் இல்லாம டிஸ்ட்ரிக்ட் கேட்டையே திறக்காது, ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுடுங்க.

ஆட்டத்தை ஹை ஸ்கூல் ரூல்லயே ஆடுங்க. ஹை ஸ்கூல்ல வெளிய போனவங்க திரும்ப உள்ள வரலாம், அறுபது எழுபது வயசு ஆளுங்களுக்கு அதைவிட நல்ல ரூல் கிடையாது. 40 நிமிஷ ஹாஃப் மட்டும் வேணாம், 20 போதும், ஒரு அத்லெட்டிக் டிரெய்னரும் ஐஸ் பேக்கும் கண்டிப்பா வேணும்.

ஜெர்சி_நம்பர்_மூணு:
குறிச்சுக்கிட்டேன். பேனரை மாத்தணும்னு கேட்டதுக்கு அத்லெட்டிக் டைரக்டர் புதுசு அடிக்க பட்ஜெட் இல்லைன்னுட்டார், அதனால புக்லெட்ல “1971 கிளப், 1975 வார்சிட்டி, கேர்ள்ஸ் வார்சிட்டி 1981”னு மூணையும் போடறேன், 79 கோல்கீப்பருக்கு தனி பத்தி. அவங்க கூட படிச்ச ஒருத்தங்க நேத்து நைட்டு ஃபேஸ்புக்ல ரிப்ளை பண்ணியிருக்காங்க, ஆரிகன்ல இருக்காங்களாம், கேட்டு சொல்றேன்னாங்க. அந்த 71 பெரியவர்கிட்ட ஃபோட்டோ காமிச்சேன், பன்னெண்டு பேர்ல ஒன்பது பேர் பேர் சொல்லிட்டார். மீதி மூணு பேருக்கு இப்போ அந்த ஜெர்மன் கிளப் லிஸ்ட்டைப் பார்க்கணும், ஒரே பசங்களா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.